நடுநிலைச் சாம்பல்

அப்பாவுவின் கிணறு தெற்குப் பக்கம் சரிந்த வருஷத்தில், சிந்தலப்பட்டு எந்த ராஜ்யத்தில் இருக்கிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆந்திர ராஜ்யம் பிறந்து, பிறகு பிரதேசமாகப் பெருத்து, நகரியைத் தாண்டிக் கால் நீட்டியிருந்தது. அந்தக் காலில் பாதி தன்னுடையது என்று சென்னை ராஜ்யம் வழக்காடிக்கொண்டிருந்தது. டில்லியிலிருந்து ஒருவர் வந்து கோடு கிழிப்பார், அதுவரை எதுவும் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஊர் அசையாமல் இருந்தது. மாடுகள்கூட ஓரளவு அடங்கி இருந்தன. கிணறுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்பாவுவுக்கு அந்தக் கிணறு ஒன்றுதான் பிழைப்பு. அதை நம்பித்தான் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, வீட்டுக்குக் குடிதண்ணீர் எல்லாம். இளகின மண். போன மழையில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இந்த ஐப்பசி மழைக்குள் உள்சுவர் கட்டாவிட்டால் மிச்சமும் விழுந்து கிணறு மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் அவரும் மனைவி சந்திரம்மாவும் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு ரேணிகுண்டா பக்கம் கூலிக்குப் போக வேண்டியதுதான். சிமெண்டு மூட்டைகளை எப்படியோ பர்மிட் வாங்கிச் சேர்த்துவிட்டார். மணல் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நிலத்தை ஒட்டியே ஆறு. தண்ணீர் இல்லாத காலத்திலும் மணலுக்குக் குறைச்சல் இல்லாத ஆறு.

வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினவரைத் தலையாரி கங்கையா தடுத்தான்.

"அண்ணே, மண்ணுமேல கைய வெக்காதே. ஆறு கேசுல கீது."

"ஆறு இன்னாடா பண்ணிச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல. யாரோடதுன்னு தீராம கீது. நீ ஒரு வண்டி வாரிகினு போனா, ஒரு ராஜ்யத்து மண்ணு இன்னொரு ராஜ்யத்துக்குப் போனமாரி ஆயிடுமாம். ரெண்டு கவர்மெண்டும் சேந்து தட போட்டுட்டாங்க."

இரண்டு அரசாங்கங்களும் சண்டை இல்லாமல் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான். அந்தப் பெருமை அப்பாவுவின் கிணற்றை விட்டுவிட்டு வேறெங்காவது போயிருக்கலாம்.

சித்தூரில் போய்க் கேள் என்றான் கங்கையா. அப்பாவு சித்தூர் போனார்.

சித்தூரில் ஒரு வாடகை வீட்டில் 'எல்லைக்கல் வார்ப்பு மற்றும் நடுகைச் சிறப்புப் பிரிவு' நடந்துகொண்டிருந்தது. கூடத்தின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு. கோட்டுக்கு வடக்கே ஒரு மேஜை. அதில் ஆந்திரத்தின் சார்பில் கிருஷ்ணப்பா. தெற்கே ஒரு மேஜை. அதில் சென்னையின் சார்பில் முனிரத்தினம். கிருஷ்ணப்பாவுக்குச் சுருட்டைமுடி, முனிரத்தினத்துக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரிய கிராப்பு. அதை வைத்துத்தான் அப்பாவு இருவரையும் அடையாளம் வைத்துக்கொண்டார். மற்றபடி இருவரும் ஒரே மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒரே மாதிரி வேலையில்லாமல் இருந்தார்கள். மனுதாரர்கள் கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பாவு கால்களைச் சேர்த்து வைத்துக் கோட்டின் மேல் நின்றார்.

"கெணத்துக்குக் கொஞ்சம் மண்ணு வேணும் சார். ஆத்துல கீது. தலையாரி உட மாட்டேங்கறான்."

கிருஷ்ணப்பா வருத்தத்தோடு சிரித்தார். "சூடய்யா, மணல் அத்தன சுலபம் இல்ல. எல்லைக்கு நடுறதுக்கு நாங்களே கான்கிரீட்ல கல்லு வார்க்கணும். எங்களுக்கே மணல் இல்ல. ஆந்திரா பக்கத்து மணல்ல வார்த்தா, அந்தக் கல்லு ஆந்திராவுக்குத்தான் பரிஞ்சு நிக்கும்னு இவுரு ஒப்புக்க மாட்டாரு. மெட்ராஸ் மணல்னா நானு ஒப்புக்க மாட்டேன். ஏமய்யா, நான் சொல்றது நியாயமா இல்லையா?"

"நியாயந்தாங்க" என்றார் அப்பாவு. கோட்டின் மேல் நின்றுகொண்டு வேறு என்ன சொல்வது.

முனிரத்தினம் மேடைத் தமிழில்தான் பேசுவார். "மணலுக்குத் தாய்மண் உண்டு, பெரியவரே. சாம்பலுக்கு இல்லை. ஆகவேதான் நாங்கள் சாம்பலைத் தேர்ந்தெடுத்தோம்."

விஷயம் இதுதான். ரேணிகுண்டாவில் ரயில் இன்ஜின்கள் தின்று துப்பின கரிச்சாம்பல் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. கட்டிதட்டின அந்தச் சாம்பலை இடித்துச் சலித்தால் மணலுக்குப் பதில் கான்கிரீட்டில் போடலாம், சிமெண்டு நன்றாகவே பிடித்துக்கொள்ளும் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரயில் டில்லியுடையது. டில்லிக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஆகவே சாம்பலும் நடுநிலையானது.

"ஆனால், கரி சிங்கரேணியிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது" என்றார் முனிரத்தினம். "சிங்கரேணி ஆந்திரத்தில் இருக்கிறது. எரித்தாலும் அதன் அபிமானம் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பீகார் கரி எரித்த சாம்பலை மட்டுமே ஏற்போம்."

"சாம்பலைப் பாத்து எந்த ஊருன்னு சொல்ல ஒரு ஆபீசர் போட்டிருக்கோம்" என்றார் கிருஷ்ணப்பா.

அப்பாவுவுக்குத் தலை சுற்றினாலும் ஒன்று பிடிபட்டது. "அப்ப அந்தச் சாம்பல்லயே எனக்கு ஒரு ரெண்டு வண்டி குடுத்தா கெணத்தக் கட்டிக்குவேன் சார்."

இரு மேஜைகளும் ஒன்றையொன்று பார்த்தன. "உன் நிலம் எந்த ராஜ்யத்தில் இருக்கிறது?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"தெரியாதுங்க."

"சத்தியமா தெரியாதா?" என்றார் கிருஷ்ணப்பா ஆவலோடு.

"கர்ணத்துக்கே தெரியாதுங்க."

அவ்வளவு நாளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட ஒரு நிலத்தைத்தான். எல்லைக்கற்களை எந்த ராஜ்யத்தில் வைத்து வார்ப்பது என்ற தகராறில் வேலை தொடங்காமலே கிடந்தது. கல்வார்ப்புக் களம் சிந்தலப்பட்டு அப்பாவுவின் கடலைக்கொல்லை என்று அப்போதே முடிவாயிற்று. கிணற்றுக்குச் சாம்பல் கேட்ட விஷயத்தைப் பொதுக்காரியம் முடிந்ததும் அனுதாபத்தோடு பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அனுதாபம் என்ற சொல்லை நம்பி அப்பாவு ஊர் திரும்பினார்.

கடலைக்கொல்லையில் கரிச்சாம்பல் லாரி லாரியாக வந்து இறங்கியது. கிணற்றடிக்கு அந்தண்டை கறுப்பாக ஒரு குன்று எழும்பியது. காற்றடித்தால் சிந்தலப்பட்டே கொல்லன் உலைக்களம் மாதிரி ஆயிற்று.

"சோறு துன்னா பல்லுல நறநறங்குது" என்றாள் சந்திரம்மா. "மோருல பொட்டு வெச்சமாரி மெதக்குது. ரெண்டு வண்டி கேட்டுப் போன ஆளு ஒரு ரயில இட்டாந்து எறக்கிட்டியே."

"பொறுமே. வேல முடிஞ்சா நமக்குத் தருவாங்க."

"நம்ம கொல்லையில நம்ம எதிர்ல கொட்டிகினு, நமக்கு அப்புறம் தருவாங்களாமா?"

அவளுக்கு அரசாங்கம் புரியாது என்று அப்பாவு நினைத்துக்கொண்டார். ஏதோ அவருக்குப் புரிந்துவிட்ட மாதிரி.

தொடக்க விழாவுக்கு 'நடுநிலை மணல் உபகுழு'வின் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற பெரிய இன்ஜினீயர். பந்தல் போட்டு, வாழை கட்டி, சாம்பல் குவியலுக்கு ஒரு ரோஜா மாலையும் போட்டிருந்தார்கள். தலைவர் மாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பேசினார்.

"சகோதரர்களே, நாற்பது வருஷம் பாலம் கட்டினேன். அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்தில் மணலில் சிமெண்டைக் கலந்தோம். அவசரத்தில் சில இடங்களில் கலக்காமலும் விட்டோம். இன்று விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது. மணலே வேண்டாம் என்கிறோம். கழிவு என்று உலகத்தில் எதுவும் கிடையாது. உபயோகம் தீர்ந்துபோய் மூலையில் கிடக்கும் பொருளைத் தேடிப் பிடித்து முக்கியமான இடத்தில் வைப்பதே நமது கொள்கை. ஓய்வுபெற்று வீட்டில் கிடந்த என்னை இந்தக் குழுவுக்குத் தலைவராக்கியதே அதற்குச் சாட்சி."

பலமாகக் கை தட்டினார்கள். எந்த வரிக்குத் தட்டுகிறார்கள் என்று தலைவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு தண்ணீர்ப் பிரச்சினை கிளம்பியது. கலவைக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வழக்கில் இருக்கிறது. அப்பாவுவின் கிணற்றுத் தண்ணீர் எந்தப் பக்கத்து ஊற்று என்று நிரூபிக்க வழியில்லை. ஆகவே புத்தூர் ஸ்டேஷனில் இன்ஜின் குடிக்கும் குழாயிலிருந்து டில்லித் தண்ணீரை லாரியில் கொண்டுவந்தார்கள். ஜல்லி, தண்டவாளத்துக்குப் போட்டு மிஞ்சிய ஜல்லி. மேஸ்திரியும் தமிழனாகவோ தெலுங்கனாகவோ இருக்கக் கூடாது என்று மைசூர் ராஜ்யத்துக் கோலாரிலிருந்து ஒருவனை வரவழைத்தார்கள். தங்கச் சுரங்கத்துக்குள் சுவர் கட்டிப் பழகினவன். பெயர் சின்னப்பன்.

அதிகாரிகள் இருக்கும் வரைக்கும் சின்னப்பன் கன்னடத்தில் "ஆய்த்து சாமி, ஆய்த்து சாமி" என்றே பேசினான். ஜீப்பு போனதும் சந்திரம்மாவிடம் வந்து, "அக்கா, கொஞ்சம் ஊறுகா இருந்தா குடேன். மைசூரு மைசூருன்னு சப்புன்னே ஆக்கிப் போடறாங்க" என்றான்.

"யோவ், நீ எந்த ஊரு?"

"இதே சித்தூரு ஜில்லாதான், ராமகுப்பம் பக்கங்கா. பொழப்புக்குக் கோலாரு போனேன். இந்த வேலைக்குக் கன்னடத்துக்காரந்தான் வேணும்னாங்க. சரி, ஆயிட்டேன்."

சந்திரம்மா ஊறுகாய் கொடுத்தாள். அதற்கப்புறம் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். இந்தக் கொல்லையில் ஒரு ஆளாவது வயிற்றுப் பசிக்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

சின்னப்பன் இடுப்பளவுக் கற்களாக அழகாக வார்த்தான். ஒரு முகத்தில் தெலுங்கு எழுத்து, மறுமுகத்தில் தமிழ் எழுத்து. கோணிபோட்டு நனைத்து, காயவைத்து, வரிசையாக நிறுத்தினான். அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். தெலுங்கு எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேள்வி பிறந்தது.

"ஆந்திரா எழுத்து ஆந்திரா பக்கம் பாக்கணும்" என்றார் கிருஷ்ணப்பா. "அப்பத்தான் எங்க ஜனங்க படிப்பாங்க."

"வீட்டுப் பெயர்ப்பலகையைத் தெருவைப் பார்த்து மாட்டுவீர்களா, அடுப்பங்கரையைப் பார்த்து மாட்டுவீர்களா?" என்றார் முனிரத்தினம். "ஆந்திர எழுத்தை ஆந்திரத்துக்குள் வருகிறவன்தான் படிக்க வேண்டும். அது எங்கள் பக்கம் பார்க்கட்டும்."

"ஓகோ, எங்க எழுத்து உங்க மண்ணப் பாத்து நிக்கணுமா? நாளைக்கு அதுவும் எங்களுதுன்னு நாங்க கேட்டா?"

முனிரத்தினம் உடனே தன் யோசனையை வாபஸ் வாங்கினார். பிரச்சினை தீரும் வரை அந்த வரிசை முழுவதும் நிராகரிக்கப்பட்டது. கல்லைத் திருப்பி நட்டால் எழுத்தும் திரும்புமே என்று அப்பாவுவுக்குத் தோன்றியது. ஆனால் இவ்வளவு படித்தவர்களுக்குத் தோன்றாதது தனக்குத் தோன்றினால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வரிசையில் ஓர் எழுத்துமில்லை. அது கறுப்பாக இருக்கிறது, கறுப்பு துக்கத்தின் நிறம், எல்லை பிரிவது துக்கம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நிராகரிக்கப்பட்டது. அதற்கடுத்த வரிசைக்கு வெள்ளையடித்து, கொல்லை ஓரத்தில் ஒரு பலகையும் நட்டார்கள். அதில் இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது: 'நடப்பட்ட எல்லைக்கல்லை நகர்த்துகிறவர் எவராயினும் இரு ராஜ்யச் சட்டப்படியும் தண்டிக்கப்படுவார்.' ஒத்திகைக்காகச் சில கற்களைக் கொல்லையிலேயே நட்டும் வைத்தார்கள்.

சாம்பல்கல் கனமில்லாதது. ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். காவலுக்கு நின்ற தலையாரி கங்கையா, வெயில் தாங்காமல் ஒரு கல்லைப் பிடுங்கிப் புளியமரத்தடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கூழ் குடித்தான். குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனான். அந்த நேரம் பார்த்து சர்வேக்காரர்கள் சங்கிலி பிடித்து வந்தார்கள். கல் இருந்த இடம்தானே எல்லை. அளந்து பார்த்தால் புளியமரம் மொத்தமும், அதன் நிழலும், நிழலில் குறட்டை விட்ட தலையாரியும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

கிருஷ்ணப்பா ஜீப்பில் பறந்து வந்தார். "ஒரு சொம்பு கூழுக்காக ஒரு மரத்தயே விட்டுக் குடுத்துட்டியேரா" என்று கங்கையாவிடம் கண் கலங்கினார். முனிரத்தினம், அந்த மரத்தின் புளியை இனித் தன் அனுமதியில்லாமல் உலுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எளிதில் நகரக்கூடியவை என்ற காரணத்தால் அந்த வரிசையும் நிராகரிக்கப்பட்டது.

நிராகரித்த கற்களை எங்கே போடுவது என்று எந்த உத்தரவும் இல்லாததால், கிணற்றடியில் அடுக்கிக்கொண்டே போனார்கள். அந்தப் பாரத்தில் கிணற்றின் தெற்குக் கரை இன்னும் ஒரு முழம் உள்ளே போயிற்று.

ஆடி முடிந்தது. அப்பாவுவுக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கண்டாலும் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். தன் நிலத்தில் தன் கண்ணெதிரே சாம்பல் கிடக்கிறது, சிமெண்டு கிடக்கிறது, மேஸ்திரி கிடக்கிறான். சுவர் மட்டும் எழும்ப வழியில்லை. நடுநிலைச் சாம்பலைத் தனியார் கிணற்றுக்குக் கொடுத்தால், அந்தக் கிணறு எந்த ராஜ்யத்துக்குப் போகிறதோ அந்த ராஜ்யத்துக்குச் சாதகம் செய்ததாகிவிடும் என்றார்கள். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

"உபகுழுத் தலைவரையே பாத்துக் கேட்டுடலாம்" என்றாள் சந்திரம்மா. "திருப்பதியிலதான கூடறாங்க. நானும் வரேன்."

உபகுழு எப்போதும் திருப்பதியில்தான் கூடும். ஆரம்பத்தில் சித்தூரில் கூட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும்தான் வந்தன. திருப்பதியில் கூட்டினால் உறுப்பினர்கள் அத்தனை பேரும், அவர்கள் மனைவியரும், மாமியாரும், பிரார்த்தனை பாக்கி இருந்த தூரத்துச் சொந்தங்களும் வந்து சேர்ந்தார்கள். காலையில் மலையில் தரிசனம், மத்தியானம் கூட்டம், சாயங்காலம் திருச்சானூர் தாயார் சந்நிதி. நிகழ்ச்சிநிரலில் அப்படியேதான் அச்சடித்திருக்கும்.

அப்பாவு சந்திரம்மாவோடு திருப்பதி போய், கூட்டம் நடக்கிற சத்திரத்து வாசலில் நின்றார். உள்ளே பார்த்ததும் திகைத்துப்போனார். கூடம் நிறைய மொட்டைத் தலைகள். எல்லாத் தலையிலும் சந்தனம். சுருட்டைமுடியையும் வாரின கிராப்பையும் நம்பி வந்தவருக்கு எது கிருஷ்ணப்பா, எது முனிரத்தினம், எது தலைவர் என்று ஒன்றும் தெரியவில்லை. ஆந்திரமும் சென்னையும் ஒன்றாகிவிட்டிருந்தன.

தாழ்வாரத்தில் தாட்டியாக ஒரு மொட்டை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தோரணையைப் பார்த்தால் அவர்தான் தலைவர். அப்பாவு காலில் விழுந்து, ஆறு கேஸில் மாட்டினதிலிருந்து கிணறு முழம் முழமாகச் சரிவது வரைக்கும் எல்லாம் சொன்னார். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கண்ணில் நீர் வரக் கேட்டார். அவ்வளவு பொறுமையாகக் கேட்டபோதே அவர் அதிகாரி இல்லை என்று அப்பாவுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கூடூரிலிருந்து வந்த அரிசி வியாபாரி. "பாபம்" என்று சொல்லி அப்பாவு கையில் பாதி லட்டைக் கொடுத்து, "அந்தா சுவாமி சூஸ்குண்டாரு" என்றார். எல்லாம் சாமி பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். அதிகாரிகள் சொன்னதற்கும் அதுதான் அர்த்தம். இவர் லட்டும் கொடுத்தார்.

"காபி ஏதய்யா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கிருஷ்ணப்பாவின் குரல். அதைப் பிடித்துக்கொண்டு அப்பாவுவும் சந்திரம்மாவும் கூட்டம் நடக்கிற அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உள்ளே ஒரே கவலையாக இருந்தார்கள். டில்லியிலிருந்து மேலதிகாரி ஒருவர் களத்தைப் பார்க்க வருகிறாராம். நிராகரித்த கற்கள் குன்றாகக் கிடப்பது அவர் கண்ணில் படக் கூடாது.

"உடைத்துவிடலாமா?" என்றார் ஒரு மொட்டை.

"எல்லைக்கல்லை உடைத்தால் கடுங்காவல்" என்றார் இன்னொரு மொட்டை. பேச்சிலிருந்து முனிரத்தினம் என்று தெரிந்தது. "ஆந்திர மண்ணில் போட்டால் எங்களுக்கு ஆட்சேபம். சென்னை மண்ணில் போட்டால் அவர்களுக்கு ஆட்சேபம்."

"ஆக, மண்ணின் மேல் எங்கும் கிடக்கக் கூடாது. கண்ணுக்கும் தெரியக் கூடாது" என்று தலைவர் தொகுத்துச் சொன்னார். "ஆகாயத்தைத் தவிர வேறு இடமில்லை."

எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து சந்திரம்மா சொன்னாள்: "மண்ணு மேலதான சாமி கெடக்கக் கூடாது. எங்க கெணத்துக்குள்ள உட்டா மண்ணுக்குக் கீழதான கெடக்கும். சும்மா போட்டா இடம் பத்தாது. சுத்தி வரிசையா கட்டி வெச்சுட்டா அத்தனையும் அடங்கிடும். டில்லிக்காரரு இன்னா, கெணத்துல எறங்கியா பாப்பாரு?"

விட்டத்தைப் பார்த்த மொட்டைகள் வாசல் பக்கம் திரும்பின. நிலத்துக்கு மேலேதானே இரண்டு ராஜ்யங்களும் சண்டை போட்டன. கீழே எதுவரைக்கும் யாருடையது என்று யாரும் கேட்டதே இல்லை. தலைவர் மொட்டையைத் தடவி, "நிலத்தடி நடுநிலைப் பாதுகாப்பு வைப்பு" என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தபிறகு எதிர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கட்டுவதற்கு வேண்டிய சாம்பலும் மேஸ்திரியும் வைப்புச் செலவில் சேரும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரும் திருச்சானூருக்குப் புறப்பட்டார்கள்.

அப்பாவு பாதி லட்டைச் சந்திரம்மாவிடம் கொடுத்தார். "நீ துன்னு" என்றார்.

சின்னப்பன் சுரங்கத்தில் கட்டின மாதிரியே கட்டினான். தண்ணீரை இறைத்துவிட்டு, அடியிலிருந்து கல்லைப் படுக்கவைத்து, சாம்பலும் சிமெண்டும் குழைத்துப் பூசி, சுற்றுச் சுற்றாக மேலே ஏறி வந்தான். எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கைக்கு வந்தபடி சில இடத்தில் தெலுங்கும் சில இடத்தில் தமிழும் தண்ணீரைப் பார்த்தன. மேல் சுற்று முடிந்த அன்று சந்திரம்மா கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஊர்த்தெய்வம் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்தாள். சின்னப்பன் இரண்டு தரம் வாங்கித் தின்றான்.

டில்லி அதிகாரி வந்தார். சுத்தமான களத்தைப் பார்த்தார். புதிதாக வார்த்து அங்கீகரித்த கற்களைப் பார்த்தார். மிகத் திருப்தி என்று சொல்லிவிட்டு, திருப்பதிக்கு எத்தனை மைல் என்று கேட்டார்.

அங்கீகரித்த கற்களை ஆற்றங்கரை நெடுக நட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் பாதியை ஆந்திர ஆள் தோண்ட வேண்டும், மறுபாதியைச் சென்னை ஆள் தோண்ட வேண்டும் என்பது விதி. முதலாமவன் மேல்பாதியைத் தோண்டிவிட்டுப் போவான். கீழ்ப்பாதிக்கு உரியவன் பல இடங்களுக்கு வரவில்லை. கல் பாதிக் குழியிலேயே நின்றது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை, ஊற்றுகிற மழை. அப்பாவு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றார். சந்திரம்மா கூப்பிட்டும் வரவில்லை. மழை வெறித்த காலையில் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கல் பெயரவில்லை. ஒரு கூடை மண் விழவில்லை. கழுத்தளவுக்குத் தெளிந்த தண்ணீர். அப்பாவு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். இந்த வருஷம் அழுததிலேயே நல்ல அழுகை அதுதான்.

ஆறு அப்படி இல்லை. கரை புரண்டு ஓடியதில் எல்லைக்கற்கள் பிடுங்கிக்கொண்டு போயின. வெள்ளம் வடிந்தபின் ஜீப்பில் வந்த கிருஷ்ணப்பாவும் முனிரத்தினமும், எல்லையைத் தேடிக்கொண்டு கீழ்ப்பக்கம் நெடுந்தூரம் போனார்கள். ஒரு கல்லில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் எருமை கட்டியிருந்தது. கோடு கிழிக்கிறவர் வருகிற நாள் நெருங்கிவிட்டது; காட்டுவதற்கு ஒழுங்கான கல் ஒரு வரிசையாவது வேண்டும்.

இருவரும் அப்பாவுவின் கிணற்றடிக்கு வந்து உள்ளே பார்த்தார்கள்.

"பலே" என்றார் கிருஷ்ணப்பா. "சாம்பல் எப்படி இறுகி நிக்குது பாத்தியா? எங்க டிபார்ட்மெண்டு வேல. அப்பாவு, ஆளுங்கள இறக்கு. மேல நாலு சுத்து கல்லப் பேத்து எடுத்துக்கறோம்."

அப்பாவு கிணற்றை எட்டிப் பார்த்தார். நாலு சுற்றை எடுத்தால் மேல்மண் மொத்தமும் உள்ளே. இத்தனை மாதமும் அவர் இவர்களிடம் சொன்னது "சரிங்க சார்" ஒன்றுதான். வாய் இப்போதும் அதற்குத்தான் திறந்தது. ஆனால் சந்திரம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொல்லை ஓரத்தில் வெள்ளத்துக்கும் சாயாமல் அந்தப் பலகை நின்றுகொண்டிருந்தது.

"நட்ட கல்லு சார்" என்றார் அப்பாவு. "நகத்தினா ரெண்டு ராஜ்யத்துலயும் தண்டனைன்னு போட்டுக்கீதே. எனக்குப் பயமா கீது."

"இது நட்டது இல்லய்யா. வைப்பு."

"அதாங்க சார். கமிட்டில தீர்மானம் பண்ணி வெச்ச வைப்பு. எடுக்கறதுக்கும் கமிட்டி கூடணும் இல்லீங்களா? நாங்க ரெண்டு பேரும் திருப்பதிக்கு வந்துடறோம் சார். என்னிக்கின்னு சொல்லுங்க."

கிருஷ்ணப்பாவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. சுருட்டை அப்போதுதான் மறுபடியும் முளைக்க ஆரம்பித்திருந்தது. முனிரத்தினமும் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சீப்பு நிற்கிற அளவுக்கு இன்னும் வளரவில்லை.

"மேலும், கல்லில் மஞ்சள் குங்குமம் வேறு இருக்கிறது" என்றார் முனிரத்தினம் மெதுவாக.

"அவுனு அவுனு" என்று ஆமோதித்தார் கிருஷ்ணப்பா. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

சித்தூர் போய்ச் சேர்ந்ததும், எல்லை ஆழமான இடங்களில் மிக உறுதியாக உள்ளது என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள். மணல் தடையை நீக்குவது பற்றி ஆராய உபகுழுவுக்குக் கீழே இன்னொரு உபகுழு அமைக்கப்பட்டது. அதுவும் எங்கே கூடும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு அவர்கள் கிணற்றடியிலிருந்து புறப்படும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. சந்திரம்மா ஒரு குடம் இறைத்து வைத்தாள். கிருஷ்ணப்பா ஒரு சொம்பு குடித்தார். முனிரத்தினம் இரண்டு சொம்பு குடித்தார். எந்தப் பக்கத்து ஊற்று என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.